இரண்டு இரவு வீட்டை விட்டு: பள்ளி முகாமுக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

பள்ளி விட்டு வந்த பிள்ளை பையைத் திறந்து கசங்கிய தாள் ஒன்றை நீட்டுகிறது. மூன்று பகல், இரண்டு இரவு முகாம். பெற்றோர் கையெழுத்துப் போட்டு, பணத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டில் உடனே ஒரு சிறு பஞ்சாயத்து கூடுகிறது. "கடலோரமாம், வேண்டாம்" என்கிறார் பாட்டி. "இந்த மாசம் கையில காசு இல்லையே" என்கிறார் அப்பா. "பொம்பளப் பிள்ளையை எப்படி ராத்திரி தங்க விடறது?" என்கிறார் அம்மா. பிள்ளை எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறது.

தோட்டத்திலும் சரி, பட்டணத்துத் தாமானிலும் சரி, இந்தக் காட்சி நமக்குப் பழக்கமானதுதான். பல வீடுகளில் அந்தத் தாள் கையெழுத்து இல்லாமலே பள்ளிக்குத் திரும்பிப் போகிறது. ஆபத்து, பணம், பெண் பிள்ளை என்ற மூன்று கவலைகளும் நியாயமானவை. அவற்றைப் பழைய காலத்துப் பயம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மூன்றுக்கும் வழி உண்டு. கேட்க வேண்டியதைக் கேட்டு, சரிபார்க்க வேண்டியதைச் சரிபார்த்து, பிள்ளையை அனுப்புங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. ஏன் அனுப்ப வேண்டும், அனுப்பும் முன் என்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பகலில் போய் வருவது வேறு, இரவு தங்குவது வேறு

மலாக்கா நகரிலிருந்து தஞ்சோங் கிளிங் போகும் கரையோரச் சாலையில் இருக்கிறது கிளேபாங். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் இங்கு வருவது புதிதல்ல. பிள்ளைகள் நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகத்தைப் பார்ப்பார்கள். பிரெஞ்சுக் கடற்படையில் ஓடி ஓய்வு பெற்று, பிறகு நமது கடற்படையினருக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்பட்ட கப்பல் அது. 2011இல் கிளேபாங் கரைக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒரு தேங்காய் ஷேக், நாலு படம், மாலைக்குள் வீடு. நல்ல நாள்தான். ஆனால் அந்த நாளில் பிள்ளை பார்வையாளர் மட்டுமே.

அதே கரையோரத்தில் இரண்டு இரவு தங்கினால் என்ன ஆகும்? மலாக்கா நீரிணையில் ஒரு நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். மதியம் மூன்று மணி நேரம் நின்று போகிற பிள்ளைக்குக் கடல் எப்போதும் அதே இடத்தில்தான் இருக்கும். இரவு படுக்கப் போகும்போது ஒரு குச்சியை மணலில் நட்டு வைத்து, விடிந்ததும் போய்ப் பார்க்கிற பிள்ளைக்கு, நீர் எதுவரை வந்து போயிருக்கிறது என்று தெரியும். நிலவுக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று அறிவியல் ஆசிரியர் சொல்லும்போது, அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும்.

கிளேபாங் கரையிலிருந்து பார்த்தால் உப்பே தீவு தெரியும். சிறிய தீவு. அழுங்காமைகள் முட்டையிட வந்த இடங்களில் பேர் பெற்றது. கரையோரத்தில் கடலைத் தூர்த்து நிலமாக்கிய பிறகு, தீவின் மணல் அரிக்கப்பட்டு, ஆமை ஏறும் கரை குறைந்தது. இன்று வடக்கே மஸ்ஜிட் தானா பக்கம் பாடாங் கெமுந்திங்கில் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. ஆமை கரையேறுவது இரவில். ஒரு முறைக்கு நூறுக்கும் மேல் முட்டையிடும். அவை பொரிக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகளும், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகளும் கூடுதலாகப் பிறக்கும். இதையெல்லாம் பகலில் ஒரு பலகையில் படிக்கலாம். ஆனால் அதிகாரிகளின் வழிகாட்டலோடு, கைவிளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் பேசாமல் உட்கார்ந்து காத்திருந்தால் மட்டுமே அது பிள்ளையின் சொந்த அனுபவமாகும். ஆமை வராமலும் போகலாம். காத்திருக்கப் பழகியதே மிச்சம்.

பாடத்தைத் தவிர வேறு சில உண்டு. தன் தட்டைத் தானே கழுவுவது. போர்வையை மடிப்பது. குளிக்க வரிசையில் நிற்பது. பக்கத்துப் படுக்கைக்காரன் குறட்டை விட்டாலும் தூங்கப் பழகுவது. துண்டைத் தொலைத்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட முடியாமல் தானே தேடுவது. வீட்டில் இவற்றை நாம் செய்து கொடுத்துவிடுகிறோம். முகாமில் செய்து கொடுக்க ஆள் இல்லை. ஆசிரியரையும் அங்கே வேறு விதமாகப் பார்க்கிறார்கள்: கைலியோடு தேநீர் குடிக்கிற சார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் நடு இரவில் எழுந்து வருகிற டீச்சர். அதன்பின் வகுப்பில் "எனக்குப் புரியல டீச்சர்" என்று சொல்லத் தயக்கம் குறைகிறது.

சிறிய பள்ளி, அதே எட்டு முகங்கள்

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ரப்பர் போய் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் வேலை தேடிப் பட்டணம் போன பிறகு, தோட்டப்புறப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை சுருங்கிவிட்டது. 150 பேருக்கும் குறைவான மாணவர்கள் படிக்கும் பள்ளியைக் கல்வியமைச்சு குறைந்த மாணவர் கொண்ட பள்ளி என்று வகைப்படுத்துகிறது.

சிறிய பள்ளிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையையும், அதன் தாத்தா பாட்டியையும்கூடத் தெரியும். ஆனால் ஒரு குறையும் உண்டு. வகுப்பில் எட்டுப் பேர் என்றால், ஆறு ஆண்டுக்கும் அதே எட்டு முகங்கள்தான். ஒன்றாம் ஆண்டில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள் ஆறாம் ஆண்டு வரை கெட்டிக்காரி. மந்தம் என்று பெயர் வாங்கியவன் ஆறாம் ஆண்டு வரை மந்தம். அந்தப் பெயரைக் கழற்றி வைக்க அவனுக்கு இடமே கிடைப்பதில்லை.

நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து நடத்தும் முகாமில் அந்த இடம் கிடைக்கிறது. அங்கே யாருக்கும் யாருடைய பழைய பெயரும் தெரியாது. கணக்கில் பின்தங்கிய பையன் கூடாரக் கயிற்றை மற்றவர்களைவிட வேகமாகக் கட்டுகிறான், ஏனென்றால் அப்பாவோடு தோட்டத்தில் வேலை பழகியவன். வகுப்பில் வாய் திறக்காத பெண் தன் குழுவுக்குச் சோறு பங்கிட்டுக் கொடுக்கிறாள். ஜாசின் பக்கத்துத் தோட்டப் பிள்ளையும் பட்டணத்து அடுக்குமாடிப் பிள்ளையும் ஒரே அறையில் படுக்கிறார்கள். "உங்க வீட்டுப் பக்கம் யானை வருமா?" "உங்க வீட்ல லிஃப்ட் இருக்கா?" என்று தொடங்கும் பேச்சு மூன்றாம் நாள் நட்பாகிவிடும்.

மலாய், சீன, தமிழ்ப்பள்ளி மாணவர்களைச் சேர்த்து நடவடிக்கைகள் நடத்தக் கல்வியமைச்சின் ரிமுப் என்னும் ஒற்றுமைத் திட்டம் 1980களிலேயே வந்துவிட்டது. ஒரு நாள் விளையாட்டுப் போட்டியில் சந்திப்பதைவிட, இரண்டு நாள் ஒரே குழாயில் பல் துலக்குவது பிள்ளைகளை அதிகம் நெருங்க வைக்கும். மலாய் பேச வெட்கப்படும் நம் பிள்ளைக்கு, அங்கே பேசியே ஆக வேண்டும். தப்பாகப் பேசினாலும் மதிப்பெண் குறையாது.

பன்னிரண்டு வயதில் ஒரு தாண்டல்

நம் சமுதாயப் பிள்ளைகளுக்கு முகாம் கூடுதலாகத் தேவைப்படுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை பன்னிரண்டு வயதில் ஒரே அடியில் பெரிய தாண்டல் ஒன்றைத் தாண்ட வேண்டியிருக்கிறது. எண்பது பேர் இருந்த பள்ளியிலிருந்து ஆயிரம் பேர் இருக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்கு. தமிழில் கேட்ட பாடங்களை மலாயில் கேட்க வேண்டும். சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டுப் போகிறார்கள். மற்றவர்கள் நேராக முதலாம் படிவம். தேசியப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு இந்த மாற்றம் இவ்வளவு பெரிதல்ல.

தெரியாத ஆட்களோடு தங்கி, தெரியாத இடத்தில் வழி கேட்டு, இரண்டு நாள் சமாளித்த பிள்ளைக்கு அந்த ஜனவரி கொஞ்சம் இலேசாக இருக்கும். "ஒரு தடவை தனியா இருந்தேன், ஒண்ணும் ஆகல" என்ற நினைப்பு மனத்தில் இருக்கிறது அல்லவா, அதுதான் துணை. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு, ஆறாம் ஆண்டில் ஓராண்டு முழுதும் தேர்வுப் பயிற்சியிலேயே கழிய வேண்டிய கட்டாயம் இல்லை. முகாமுக்கு மூன்று நாள் ஒதுக்குவது முன்பைவிட எளிது.

அதற்குப் பிறகு வரும் படிகளையும் யோசித்துப் பாருங்கள். முழு விடுதிப் பள்ளி, மெட்ரிகுலேஷன் கல்லூரி, பாலிடெக்னிக், பல்கலைக்கழகம் என எல்லாமே வீட்டைவிட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் இடங்கள். மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்கவில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் பேசுகிறோம். கிடைத்த இடத்தை "ரொம்பத் தூரம், பிள்ளை இருக்க மாட்டா" என்று விட்டுவிடும் வீடுகளும் நம்மிடையே இருக்கின்றன. பதினெட்டு வயதில் அந்தத் தூரம் பயமுறுத்தாமல் இருக்க வேண்டுமானால், பத்து, பதினோரு வயதில் இரண்டு இரவு பழகியிருக்க வேண்டும். அதோடு, அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தேர்வுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். தொடக்கப்பள்ளி முகாம் அந்தக் கணக்கில் வராது. ஆனால் சாரணர், செயிண்ட் ஜான், செம்பிறைச் சங்கம் என்று இடைநிலைப்பள்ளியில் துணிந்து சேரும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பிரிட்டனில் பால் ஹாம்லின் அறக்கட்டளை, 'லேர்னிங் அவே' என்ற பெயரில் ஏறத்தாழ 60 பள்ளிகளோடு சேர்ந்து தங்கும் பயணங்களைப் பல ஆண்டுகள் நடத்திப் பார்த்தது. 2015இல் வெளியான மதிப்பீட்டில், பிள்ளைகளின் தன்னம்பிக்கை, ஆசிரியர்-மாணவர் உறவு, பாடத்தில் ஈடுபாடு ஆகியவை மேம்பட்டதாகத் தெரிந்தது. தொடக்கப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு மாறுவதற்கும் அது உதவியது. ஆடம்பரமான இடங்கள் தேவையில்லை, பள்ளிக்குப் பக்கத்திலேயே குறைந்த செலவில் கூடாரம் போட்டாலும் பலன் உண்டு என்பதும் அந்த முயற்சியில் கண்ட ஒன்று.

கைப்பேசியைப் பற்றி ஒரு சிறிய ஆய்வு அமெரிக்காவில் 2014இல் வெளியானது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேர் ஐந்து நாள் கைப்பேசியும் தொலைக்காட்சியும் இல்லாத முகாமில் இருந்தார்கள். அதே பள்ளியின் 54 பேர் வழக்கம்போல வீட்டில் இருந்தார்கள். பிறகு, மற்றவர் முகத்தையும் உடலசைவையும் பார்த்து அவர் மனநிலையைக் கண்டுகொள்ளும் திறனில் முகாம் பிள்ளைகள் அதிகம் முன்னேறியிருந்தார்கள். ஐந்தே நாளில். சாப்பாட்டு மேசையிலும் திரையைப் பார்க்கும் பிள்ளைகளை வைத்திருக்கும் நமக்கு இது யோசிக்க வேண்டிய செய்தி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1997இல் ஜான் ஹாட்டியும் உடன் ஆய்வாளர்களும் வெளிப்புறப் பயிற்சிகள் பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முகாமில் கிடைத்த பலன் முகாம் முடிந்த பிறகும் வளர்ந்தது என்பது நல்ல செய்தி. ஆனால் முகாமுக்கு முகாம் பலன் பெரிதும் வேறுபட்டது. நீண்ட நாள் நடந்தவையே அதிகம் பயன் தந்தன. ஆகவே இரண்டு இரவில் பிள்ளை ஆளே மாறிவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை, நல்ல முறையில், தொடர்ந்து என்றால் பலன் சேரும்.

நல்ல முகாம் எது?

முகாம் என்ற பெயரில் நடப்பதெல்லாம் முகாம் ஆகாது. மூன்று நாளும் குளிரூட்டிய மண்டபத்தில் உட்கார வைத்துத் தன்முனைப்பு உரை கேட்க வைத்தால், அது இடம் மாறிய வகுப்பறைதான். இரவு பதினோரு மணிக்கு விளக்கை அணைத்து, சோகப் பாட்டைப் போட்டு, "உன் அம்மா நாளைக்கு இல்லாமப் போனா?" என்று கேட்டுப் பிள்ளைகளை விம்ம வைக்கும் அமர்வுகளும் நமக்குப் பழக்கமானவை. அழுத பிள்ளை திருந்திவிடும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. உண்மையிலேயே தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளை அந்தக் கூட்டத்தில் இருந்தால் அதற்கு என்ன ஆகும் என்று யோசிப்பவர் குறைவு. தண்டனைக்காக நள்ளிரவில் எழுப்பி ஓட விடுவதும் அப்படித்தான்.

நல்ல முகாமில் பிள்ளைகள் கையால் செய்வதற்கு வேலை இருக்கும், பார்ப்பதற்கு உண்மையான ஓர் இடம் இருக்கும், தூங்குவதற்கு நேரம் இருக்கும். மலாக்காவில் இடத்துக்குப் பஞ்சமில்லை. தஞ்சோங் துவானில் பழைய கலங்கரை விளக்கமும் காடும் உண்டு; பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நீரிணையைக் கடந்து வடக்கே போகும் தேன்பருந்துகளை அங்கிருந்து பார்க்கலாம். ஆயர் கெரோவில் தாவரவியல் பூங்கா உண்டு. நகரத்துக்குள் ஜாலான் துக்காங் எமாஸில், டச்சுக்காரர் ஆட்சியில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும், காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகளின் குடியிருப்பும் உண்டு. ரப்பர் தோட்டங்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே தமிழ் வணிகர்கள் இந்தத் துறைமுகத்துக்கு வந்தார்கள் என்பதை ஒரு காலை நேர நடையில் காட்டிவிடலாம். நம் பிள்ளை தன்னைப் பற்றி வேறு மாதிரி நினைக்க அது போதும்.

பயம் நியாயமானதே

2009 அக்டோபர் 26ஆம் நாள் இரவு. பேராக், கம்பார் அருகே கோலா டிப்பாங்கில் நடந்த முகாமில் இருந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தொங்குபாலம் ஒன்றைக் கடந்தபோது, பாலம் ஆற்றில் சரிந்தது. மூன்று மாணவிகள் உயிரிழந்தார்கள். மூவரும் நம் சமுதாயப் பிள்ளைகள். கட்டி அதிக நாள் ஆகாத பாலம் அது. அந்தச் செய்தியை நாளிதழில் படித்த பெற்றோருக்கு இன்றும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

2022 டிசம்பர் 16 விடியற்காலையில் பத்தாங் காலியில் முகாம் தளம் ஒன்றின்மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அது பள்ளி முகாம் அல்ல. விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்தவர்கள். அந்த இடத்துக்கு முகாம் நடத்தும் உரிமம் இல்லை என்று பிறகு தெரிய வந்தது. 2025 ஜூன் 9 அன்று கெரிக்கில், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் வந்த பேருந்து கவிழ்ந்து 15 மாணவர்கள் பலியானார்கள். நள்ளிரவுக்குப் பிறகு நடந்த விபத்து அது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இருக்கைவார் அணிவது கட்டாயமாக்கப்பட்டது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பாலம், மலைச்சரிவு, பேருந்து என்று ஆபத்து வந்த இடங்கள் எல்லாமே முன்கூட்டியே கேள்வி கேட்கக்கூடிய இடங்கள். கையெழுத்துப் போடும் முன் பள்ளியிடம் இந்த எட்டுக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. எந்த இடம்? முகாம் நடத்த உரிமம் உள்ள இடமா? மலைச்சரிவின் அடியிலோ ஆற்றங்கரையிலோ தங்க வைக்கிறார்களா?

2. எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர்? இரவில் விழித்திருப்பவர் யார்?

3. தண்ணீரில் இறங்கும் நடவடிக்கை உண்டா? எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா? நீச்சல் தெரியாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? நம் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்படவும் கூடாது.

4. மழை பிடித்தால் மாற்றுத் திட்டம் என்ன? மேட்டில் பெய்யும் மழை திடீரென்று ஆற்றில் பெருகி வருவதைத்தான் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். நாம் இருக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அது வந்துவிடும்.

5. எந்தப் பேருந்து? எல்லா இருக்கையிலும் வார் வேலை செய்கிறதா? பகலில் புறப்பட்டுப் பகலிலேயே திரும்புகிறதா?

6. இழுப்பு, ஒவ்வாமை, வலிப்பு உள்ள பிள்ளைகளின் மருந்து யார் கையில் இருக்கும்? பக்கத்தில் மருத்துவமனை எங்கே?

7. சாப்பாடு என்ன? மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பற்றி முன்பே சொல்லியாகிவிட்டதா?

8. அவசரம் என்றால் யாரை அழைப்பது? பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற தகவல் எத்தனை மணிக்கு, எப்படி வரும்?

இந்தக் கேள்விகளுக்கு நல்ல பள்ளி கோபப்படாது. பதில் கையில் தயாராக இருக்கும். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்பது மட்டும் பதிலானால், யோசித்து முடிவெடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் முகாமுக்கு முன் ஒரு மாலை விளக்கக் கூட்டம் வைத்தால், பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.

பெண் பிள்ளை என்றால்

நம் வீடுகளில் அண்ணனை அனுப்பிவிட்டுத் தங்கையை நிறுத்தி வைப்பது வழக்கம். ஆனால் நாளைக்கு விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறவர்களில் அவளும் ஒருத்தி. அவளுக்குத்தான் இந்தப் பழக்கம் முதலில் தேவை.

பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டடமோ தனி அறையோ உண்டா, பெண் ஆசிரியர் அதே அறையில் அல்லது பக்கத்து அறையில் படுக்கிறாரா, இரவில் கழிவறைக்கு இருட்டில் நடக்க வேண்டுமா என்று கேளுங்கள். பத்து, பதினோரு வயதில் மாதவிலக்கு முதன்முதலாக முகாமிலேயே வரலாம். வந்தால் என்ன செய்வது, எந்த டீச்சரிடம் சொல்வது என்று முன்கூட்டியே மகளிடம் பேசி, பையில் இரண்டு மூன்று பேட் வைத்து அனுப்புங்கள்.

மகளுக்கும் மகனுக்கும் ஒன்றாகவே சொல்ல வேண்டியது இது: உன் உடம்பைத் தொட்டோ, தனியாகக் கூப்பிட்டோ, "யாரிடமும் சொல்லாதே" என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், உடனே டீச்சரிடம் சொல். வீட்டுக்கு வந்ததும் எங்களிடம் சொல். நாங்கள் திட்ட மாட்டோம். தேவைப்பட்டால் பெற்றோர் அழைக்க தாலியான் காசே 15999 என்ற எண் இருக்கிறது. இந்தப் பேச்சு முகாமுக்கு மட்டுமல்ல, பிள்ளை பெரியவளாகும் வரை உதவும்.

பணம் தடையாக வேண்டாம்

வகுப்பில் இருபது பேரில் பதினைந்து பேர் முகாம் போகிறார்கள், ஐந்து பேர் போகவில்லை என்றால், அந்த ஐந்து பேரில் பெரும்பாலும் யார் இருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். நாள் சம்பளக்காரர் பிள்ளை. தனித்து வாழும் தாயின் பிள்ளை. அவர்களுக்குத்தான் வேறு எந்த வழியிலும் இப்படி ஒரு பயணம் கிடைக்காது. திங்கட்கிழமை எல்லாரும் முகாம் கதை பேசும்போது அவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. முன்கூட்டிய திட்டம் போதும். ஒரு பேருந்துக்கு 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறிய பள்ளியின் 12 பிள்ளைகள் மட்டும் போனால் தலைக்கு 100 வெள்ளி. மூன்று பள்ளிகள் சேர்ந்து 40 பேர் போனால் 30 வெள்ளி. ஆண்டுத் தொடக்கத்திலேயே முகாம் நாளைச் சொல்லிவிட்டால், மாதம் 5 வெள்ளி வீதம் பத்து மாதத்தில் 50 வெள்ளி சேர்த்துவிடலாம். வெள்ளிக்கிழமைக்குள் 80 வெள்ளி என்றால்தான் அப்பாவுக்குத் தூக்கம் போகிறது.

மீதியை ஆலயங்களும் முன்னாள் மாணவர்களும் இளைஞர் மன்றங்களும் பார்த்துக்கொள்ளலாம். திருவிழாவில் ஒரு வேளை அன்னதானம் செய்கிறவர்கள், ஒரு பிள்ளையின் முகாம் செலவை ஏற்றால் அதுவும் தானம்தான். உதவி பெறும் பிள்ளை யார் என்று தலைமையாசிரியருக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். சபையில் நிறுத்திக் காசோலை கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம்.

வீட்டு ஞாபகம் வந்தால்

முதல் இரவு பிள்ளை அழலாம். அது கெட்ட அறிகுறி அல்ல. அமெரிக்க முகாம்களில் நடந்த ஆய்வில், பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் ஒரு நாளாவது வீட்டு ஞாபகம் வந்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு அது தானே அடங்கிவிடுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2007இல் இதுபற்றிப் பெற்றோருக்குச் சில யோசனைகள் தந்தது. அவற்றில் இரண்டு நமக்கும் பொருந்தும்.

முதலாவது, முன்கூட்டிப் பழக்குவது. முகாமுக்கு ஒரு மாதம் முன்பு பிள்ளையை அத்தை வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ ஓரிரு இரவு விடுங்கள். பையைப் பிள்ளையே அடுக்கட்டும். எந்தச் சட்டை எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியும்.

இரண்டாவது, "பிடிக்கலன்னா போன் பண்ணு, அப்பா வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பது. அன்பால் சொல்கிறோம். ஆனால் உன்னால் முடியாது என்று நாமே நினைக்கிறோம் என்பதுதான் பிள்ளைக்குக் கேட்கிறது. கஷ்டம் வந்த முதல் மணியிலேயே அது வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். "ஞாபகம் வரும். டீச்சர்கிட்ட சொல்லு. ரெண்டு ராத்திரிதான், ஞாயித்துக்கிழமை வாசல்ல நிப்பேன்" என்று சொல்லி அனுப்புங்கள். சொன்னபடி நில்லுங்கள்.

திரும்பி வந்த பிறகு, "ஒழுங்கா சாப்பிட்டியா?" என்பதோடு விட்டுவிடாதீர்கள். யாரோடு படுத்தாய், எதற்குப் பயந்தாய், எதைத் தனியாகச் செய்தாய் என்று கேளுங்கள். முகாமில் தட்டு கழுவிய பிள்ளை வீட்டிலும் கழுவட்டும். அங்கே போர்வை மடித்த பையனுக்கு இங்கே மறுபடியும் அம்மா மடித்துக் கொடுத்தால், மூன்று நாள் பழகியது மூன்றே நாளில் போய்விடும்.

அடுத்த முறை பிள்ளை பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டும்போது, உடனே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உடனே கையெழுத்தும் போடாதீர்கள். பள்ளிக்கு ஒரு முறை போய் அந்த எட்டுக் கேள்விகளையும் கேட்டுவிட்டு வாருங்கள். பதில் மனத்துக்குச் சரி என்று பட்டால், பேனாவை எடுங்கள்.